நடுக்கிண்ணம்

எட்டு மாதம் மாத்திரை விழுங்கி, சளியில் இனிக் கிருமி இல்லை என்று மாகாண மருத்துவமனையில் முத்திரை குத்திய காகிதத்தோடு லுவா வீடு திரும்பிய அன்று, நாத்தனார் குயென் கோழி அடித்து வைத்திருந்தாள். வேகவைத்த கோழி, வேகவைத்த வள்ளைக்கீரை, உப்பில் ஊறிய குட்டிக் கத்தரிக்காய், கீரை வெந்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த சாறு. தாம்பாளத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாதபடி ஒருத்தியை ஒதுக்குவதில் குயெனை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

பாயில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். தலைமாட்டில் மாமனார் பாங். அவருக்கு அடுத்து அவருடைய மூத்த மகள் குயென். அப்புறம் லுவாவின் கணவன் துவான். சோற்றுப்பானைப் பக்கம் லுவா. அவள் மடியை ஒட்டி, ஒன்பது வயது மகள் ஹான். தாம்பாளத்தின் நடுவில், மீனை உப்பில் ஊறவைத்து இறக்கிய மீன்சாறு ஒரு கிண்ணத்தில் இருந்தது. சோற்றுக்கிண்ணம் ஆளுக்கு ஒன்று, ஆனால் தொட்டுக்கொள்ளும் கிண்ணம் வீட்டுக்கே ஒன்றுதான். பத்துப் பேர் உட்கார்ந்தாலும் சாப்பிடும் பத்து ஜோடிக் குச்சிகளும் அந்த நடுக்கிண்ணத்துக்குத்தான் போய் வரவேண்டும். சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகூட அங்கே வந்து இடித்துக்கொள்வார்கள்.

அன்று லுவாவின் முன்னால் மட்டும் இன்னொரு குட்டிக் கிண்ணம் இருந்தது. பக்கத்தில் சிவப்பு நூல் சுற்றிய ஒரு ஜோடிக் குச்சி.

"இது யாருக்குக்கா?" என்றாள் லுவா.

"உனக்குத்தான். இப்பத்தானே உடம்பு தேறி வந்திருக்கே. எங்க எச்சிலெல்லாம் உனக்கு எதுக்குன்னு தனியா வச்சேன்."

பேச்சைப் பாருங்கள்! இவள் எச்சிலுக்கு அவள் பயந்துகொண்டு, தன் எச்சில் இவளுக்கு ஆகாது என்கிறாள். ஊசி குத்துகிறவள் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்துவது மாதிரி.

வந்த நாளிலேயே வம்பு வேண்டாம் என்று லுவா விட்டுவிட்டாள். குயெனுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதை லுவா மறக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் குயெனின் கணவன் இதே நெஞ்சு நோயில்தான் போனான். பிள்ளை இல்லாமல் அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். தம்பிக்குக் கல்யாணமாகி லுவா வந்தபிறகு அடுப்படியை விட்டுக்கொடுத்தவள், இந்த எட்டு மாதத்தில் அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரையும் சாப்பிட அழைப்பது இளையவர்களின் வேலை. ஹான் தொடங்கினாள். "தாத்தா சாப்பிடுங்க, அத்தை சாப்பிடுங்க, அப்பா சாப்பிடுங்க, அம்மா சாப்பிடுங்க." எட்டு மாதம் சொல்லாமல் விட்டிருந்த கடைசி வார்த்தையைப் பிள்ளை கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். லுவாவும் தன் பங்குக்கு வரிசையாக அழைத்தாள். பாங் முதல் துண்டை எடுத்துத் தொட்ட பிறகுதான் மற்றவர்களின் குச்சிகள் நகர்ந்தன.

இரண்டாவது நாள் மதியம் அது நடந்தது. ஹான் ஒரு கத்தரிக்காயை எடுத்தாள், நடுக்கிண்ணம் எட்டவில்லை, அம்மாவின் குட்டிக் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. அதில் தொடப் போனாள். குயெனின் குச்சி பளீரென்று பிள்ளையின் விரலில் விழுந்தது.

"அது உங்கம்மாவோடது! எத்தனை தடவை சொல்றது?"

கத்தரிக்காய் பாயில் உருண்டது. ஹான் அழவில்லை. அம்மாவின் கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்தாள். தேள் கிடக்கிற இடத்தைப் பார்க்கிற பார்வை அது. பிறகு மெல்ல அப்பா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஊசியும் மாத்திரையும் செய்யாததை அந்த ஒரு நகர்வு செய்தது. எட்டு மாதம் இந்தப் பிள்ளைக்காகத்தான் லுவா கசப்பை விழுங்கினாள்.

அன்று சாயங்காலமே அவள் தன் காகிதத்தைத் தாம்பாளத்தின் பக்கத்தில் விரித்து வைத்தாள். குயெனுக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தாள். "காகிதத்துல என்ன வேணா எழுதுவாங்க. அவருக்கும்தான் ஒரு தடவை நல்லாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்தாங்க," என்றாள்.

மறுநாள் ஊர் சுகாதார நிலையத்து டாக்டரம்மாவையே தேநீருக்குக் கூட்டிவந்தாள் லுவா. இந்த நோய் இருமலில், மூச்சில் பரவுவது, கிண்ணத்திலும் குச்சியிலும் தொற்றாது, அதுவும் லுவாவிடம் இப்போது பரவ ஒன்றுமே இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்," என்று குயென் தேநீர் ஊற்றினாள். டாக்டரம்மா போனதும் அவள் குடித்த கோப்பையை வெந்நீரில் போட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் குட்டிக் கிண்ணம் அதே இடத்தில் இருந்தது.

லுவா அதை எடுத்துத் தாம்பாளத்துக்கு வெளியே, தரையில் வைத்தாள்.

"இது எனக்கு வேண்டாங்க்கா. நடுக்கிண்ணத்துல தொடுன்னு நீங்க வாய்விட்டுச் சொல்ற வரைக்கும் எனக்கு வெறுஞ்சோறு போதும்."

"என்னடி இது, மிரட்டலா?"

"இல்லக்கா. தகவல்."

"தின்னு, தின்னு. வெறுஞ்சோறுதானே? ரோஷத்துல கொஞ்சம் உப்பு இருக்கும், அதைத் தொட்டுக்கோ."

துவான் பெண்டாட்டியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். செங்கல் சூளை லாரியை இரண்டு ஆற்றுப் பாலம் தாண்டி ஓட்டுகிறவன், இந்தப் பாயின் இரண்டு கரைக்கு நடுவில் நகரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பாங் இருமினார். தண்ணீர் ஊற்றிய மூங்கில் குழாயில் புகையிலை இழுக்கிற மனிதர், இருமல் அவருக்குப் புதிதில்லை.

நாட்கள் ஓடின. காலை, மதியம், ராத்திரி, லுவா பானைப் பக்கம் உட்கார்ந்து எல்லாருக்கும் சோறு போட்டாள், எல்லாரையும் வரிசை தப்பாமல் அழைத்தாள், தனக்கு வெள்ளைச் சோற்றைப் போட்டு, கீரைத் தண்ணீரை அகப்பையால் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். கறி மீன் எதையும் தொடவில்லை. வேகவைத்த கீரையும் வேகவைத்த கறியும் மீன்சாறில் தொடாமல் தின்றால் என்ன ருசி என்று அங்கே பிறந்தவர்களைக் கேட்கவேண்டும். துணியை மெல்வது மாதிரி இருக்கும். வெறுஞ்சோறு அதைவிட மோசம். நாலாம் நாளே அவள் நாக்கு மீன்சாறுக்காக ஊறியது, கிண்ணத்தின் மணம் மூக்கில் ஏறும்போது தன் மேலேயே கோபம் வந்தது. விடவில்லை. ஒரு கிண்ணத்துக்கு மூன்று கிண்ணமாகச் சோறு போட்டுக்கொண்டாள். இளைத்தால் 'நோய் திரும்பிடுச்சு' என்று ஊர் பேசும் என்பது அவளுக்குத் தெரியும்.

துவானுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. நல்ல கொழுப்பும் சதையுமான பன்றிக்கறித் துண்டு ஒன்றை நடுக்கிண்ணத்தில் தோய்த்து, அவள் சோற்றின்மேல் வைத்தான். "சாப்பிடு. நான்தான் தொட்டுக் குடுத்துட்டேனே, அப்புறம் என்ன?"

அவள் அதை அப்படியே எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தாள். "தொட்டுக் குடுக்கறது வேற, தொடறது வேறங்க. நான் கறிக்காகவா உக்காந்திருக்கேன்?"

"பிடிச்சா பிடிதான்," என்றாள் குயென். "இவ பிடிச்ச முயலுக்கு மூணே காலு."

"முயலைப் பிடிச்சவ நான் இல்லக்கா. எனக்குத் தனியா ஒரு முயலை எடுத்து வச்சதே நீங்கதான்."

பாங் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு பன்றிக் கொட்டடிப் பக்கம் போனார்.

லுவா சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். புகையிலை இருமல் தொண்டையில் கரகரக்கும். இது அடியாழத்திலிருந்து வந்தது, வந்து முடிந்தபின் ஒரு சின்ன விசில் மூச்சு. எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் அந்தச் சத்தத்தின் நடுவில்தான் அவள் படுத்திருந்தாள். அப்புறம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. காலையில் துவைக்கப் போடும் அவர் சட்டையின் முதுகு ஏன் நனைந்திருக்கிறது, சாயங்காலமானால் வெயில் நாளிலும் அவர் ஏன் துண்டைப் போர்த்திக்கொள்கிறார், சோறு ஏன் ஒரு கிண்ணத்தோடு நிற்கிறது.

ஒரு கெட்ட யோசனை அவளுக்கு வந்தது, அதை மறைப்பானேன். இப்போதே, இந்தப் பாயிலேயே, 'உங்கப்பாவுக்கும் அதேதான்க்கா, வைங்க இன்னொரு கிண்ணம்' என்று சொல்லிவிட்டால் குயெனின் முகம் எப்படிப் போகும்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். நாக்கு நுனிவரை வந்த அந்த ருசியை லுவா விழுங்கினாள். எழுந்து கொட்டடிப் பக்கம் போனாள்.

கிழவர் கொட்டடியை ஒட்டிய குளத்தோரம் குந்தி உட்கார்ந்து கைத்துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தார். தண்ணீரில் சிவப்பு கரைந்து போனது.

"எத்தனை நாளா மாமா?"

"எது? புகையிலை தொண்டையில..."

"என்கிட்டயே புகையிலைக் கதையா?"

அவர் துண்டைப் பிழிந்தார். பிழிய ஒன்றும் இல்லாதபின்னும் பிழிந்தார். "மாசம் ரெண்டாச்சு. நீ வர்றதுக்கு முன்னாலேயே கொஞ்சம் இருந்துச்சு. நீ வந்ததும் உன்கிட்டக் கேட்டு ஆஸ்பத்திரி போலாம்னுதான் இருந்தேன்மா."

"அப்புறம் ஏன் போகல?"

"உனக்கு வச்ச கிண்ணத்தைப் பாத்தேன்."

அவர் துண்டைத் தொடைமேல் மடித்து வைத்தார்.

"எழுபத்தோரு வயசு எனக்கு. முப்பது வருஷமா அந்தப் பாயில தலைமாட்டுல உக்காந்து முதல் துண்டு தொட்டவன். என் முன்னால சிவப்பு நூல் குச்சியா? வேண்டாம். இருக்கற வரைக்கும் நடுக்கிண்ணத்துல தொட்டுட்டுப் போயிடறேன்."

"என் முன்னால வச்சப்ப மட்டும் வாயை மூடிட்டு உக்காந்திருந்தீங்களே மாமா!" லுவாவின் குரல் எழும்பியது. மாமனாரிடம் அவள் குரல் எழும்பியது அதுதான் முதல் தடவை. "ஒரு வார்த்தை. தலைமாட்டுலேர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை நாள் நான் வெறுஞ்சோறு தின்னிருப்பேனா?"

"மாட்டேதான்," என்றார் கிழவர் தலையைக் குனிந்துகொண்டு. "நோயைப் பத்திப் பேச்செடுத்தா என் இருமலும் பேச்சுல வந்துடுமோன்னு பயந்துட்டேன். தப்புதான்மா."

"ஹான் உங்க பக்கத்துலதானே படுக்கறா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதை அவர் யோசித்துப் பார்க்காமல் இல்லை, யோசித்துவிட்டுத் தள்ளி வைத்திருந்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"நாளைக்குக் காலையில போறோம்," என்றாள் லுவா. "இன்னைக்கே பிள்ளை என்கிட்டப் படுக்கட்டும். கிண்ணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. உங்க கிண்ணம் தனியாப் போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

"உன் கிண்ணத்துக்கே உன்னால வழி பண்ண முடியல."

"அதைத்தான் நானும் பாக்கறேன்."

சுகாதார நிலையத்தில் சளி எடுத்தார்கள், மாவட்டத்தில் படம் எடுத்தார்கள், அதேதான் என்றார்கள். மாத்திரை தொடங்கிவிட்டார்கள். வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். ஹானுக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டபோது லுவா முடிவுச் சீட்டை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். டாக்டரம்மா மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னாள். கிழவருக்கு முதல் சில வாரம் முகமூடி, தனியாகப் படுக்கை, காற்றோட்டம். ஜன்னல் சாத்திய அறையில் கூடி உட்கார வேண்டாம், சாப்பாட்டை வெளியே முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் பண்டத்தில் ஒன்றும் இல்லை. குயென் இந்தத் தடவை "சரிங்க டாக்டர்" என்று சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் லுவா முற்றத்தில், பாக்கு மரத்து நிழலில் பாயை விரித்தாள். ஆற்றுக்காற்று பாயின் ஓரத்தைத் தூக்கியது, ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து அமுக்கினார்கள். காற்று கிழவரின் பக்கமிருந்து வயலைப் பார்த்து அடிக்கும்படி அவரை உட்கார வைத்தாள். தலைமாடு எது என்பது அதனால் மாறவில்லை, அவர் உட்கார்ந்த இடம்தான் தலைமாடு. குயென் கண் வீங்கி, தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

நடுவில் நடுக்கிண்ணம். அப்பாவின் முன்னால் குட்டிக் கிண்ணம். சிவப்பு நூல் குச்சி.

"கோவிச்சுக்காதீங்கப்பா. குழந்தை இருக்கிற வீடு," என்றாள் குயென். குரல் உடைந்தது. பிறகு லுவாவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "லுவா, நீ நடுக்கிண்ணத்துல தொடு. உனக்குத்தான் சரியாயிடுச்சே."

பத்தொன்பது நாள் வெறுஞ்சோறு எதற்காகவோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. வாய்விட்டே வந்துவிட்டது. துவான் பெருமூச்சு விட்டுக் குச்சியை எடுத்தான். ஹான் வரிசையாக அழைத்தாள். "தாத்தா சாப்பிடுங்க, அத்தை சாப்பிடுங்க, அப்பா சாப்பிடுங்க, அம்மா சாப்பிடுங்க."

தாத்தா சாப்பிடவில்லை. முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு குட்டிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொடாமல் யார் தொடுவது? துவான் எடுத்த குச்சியைத் திரும்பக் கீழே வைத்தான். சோற்றிலிருந்து ஆவி குறைந்துகொண்டு வந்தது. ஒரு மருமகளை ஒதுக்கி வைத்துவிட்டு வீடு முழுக்கச் சாப்பிடலாம், யாருக்கும் தொண்டையில் அடைக்காது. தலைமாட்டில் இருக்கிறவரை ஒதுக்கினால் மொத்தப் பாயும் பட்டினி என்று குயென் யோசிக்கவில்லை.

லுவா எழுந்தாள். மாமனாரின் முன்னாலிருந்த குட்டிக் கிண்ணத்தை எடுத்தாள். நடுக்கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தாள். காலிக் கிண்ணத்தைப் பாக்கு மரத்தடியில் வைத்துவிட்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். சிவப்பு நூலை அவிழ்த்து எறிந்து, குச்சியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மாமா, சாப்பிடுங்க."

"அடியே!" என்றாள் குயென்.

கிழவர் குச்சியை வாங்கினார். ஒரு கீரைத் தண்டை எடுத்தார். நடுக்கிண்ணத்தில் தொட்டார். வாயில் வைத்து, தலையைக் காற்று போகும் பக்கம் திருப்பிக்கொண்டு மென்றார்.

அடுத்தது குயென். அவளுக்கு அப்புறம்தான் துவான், அவனுக்கு அப்புறம்தான் லுவா. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை நாள் அவளுக்கு வசதியாக இருந்த வரிசை இப்போது அவளிடமே வந்து நின்றது. அவள் குச்சியை எடுத்தாள், ஒரு கத்தரிக்காயைப் பிடித்தாள், கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள்.

"பயமா இருக்கா அக்கா?" என்றான் துவான்.

"பயம் இல்லடா." கத்தரிக்காய் ஆடியது. "கிண்ணத்துல ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு அந்தம்மா ரெண்டு தடவை சொல்லிட்டா. அப்படின்னா... மாமியார் சொன்னாங்கன்னு அவருக்கு ரெண்டு வருஷம் தனிக் கிண்ணம் வச்சேனே. மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஓலைத் தடுப்புக்கு அந்தாண்ட வச்சுட்டு ஓடி வருவேன். நீயும் உக்காரேன் குயென்னு கூப்பிடுவாரு. ஒரு நாள்கூட உக்காரல. கடைசி நாள் வரைக்கும் தனியாவே தின்னுட்டுப் போயிட்டாரு." அவள் லுவாவைப் பார்த்தாள். பத்தொன்பது நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "அப்ப அது எதுக்குடி? நான் செஞ்சது எதுக்கு?"

லுவாவின் கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. பத்தொன்பது நாள் தன்னோடு மல்லுக்கட்டிய இந்தப் பிடிவாதம் நோய்க்குப் பயந்தது இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. லுவாவை நடுக்கிண்ணத்தில் தொடவிட்டால், அந்த ஓலைத் தடுப்பு வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குத்தான் இந்தப் பெண் இத்தனை நாள் அஞ்சியிருக்கிறாள்.

"அன்னைக்கு உங்களுக்கு யாரும் சொல்லலக்கா," என்றாள் லுவா. "உங்க மாமியார் வைன்னாங்க, வச்சீங்க. இன்னைக்கு அப்பா உக்காந்திருக்காரு. தொடுங்கக்கா, சோறு ஆறுது."

குயென் தொட்டாள். கத்தரிக்காயை வாயில் போட்டு, மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கண்ணீர் மூக்கோரம் இறங்கி உதட்டில் நின்றது, அதைத் துடைக்கவில்லை. பிறகு மென்றாள். துவான் தொட்டான்.

லுவா ஒரு கீரைத் தண்டை எடுத்து, நன்றாகத் தோய்த்து, வாயில் வைத்தாள். உப்பும் புளிப்பும் மிளகாயும் நாக்கில் சுரீரென்று ஏறின. விழுங்கிவிட்டு, இன்னொன்று எடுத்தாள். ஹான் பாயில் முட்டிபோட்டு எழுந்து, அம்மாவின் குச்சி போன இடத்துக்கே தன் குச்சியையும் கொண்டுபோனாள்.

குயென் குச்சியைக் கீழே வைத்தாள். பிள்ளைக்கு எட்டும்படி கிண்ணத்தை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தாள்.